மூன்று நிறமும் பிரிந்த புரொஜெக்ஷன் டிவி: சரி செய்வதா, மாற்றுவதா?

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீடு. ஆசாரத்தில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு ரியர் புரொஜெக்ஷன் டிவி நிற்கிறது. 2003 மார்ச் 23-ம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்காக வாங்கிய பெட்டி. அன்று அந்த ஊரில் பாதிப் பேர் இந்த ஆசாரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்களாம். போன மாதம் அந்த வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"வாங்க தம்பி. செய்தி வாசிக்கிற புள்ளைக்கு மூணு மூஞ்சி தெரியுதுங்க. செவப்பு மேல வளஞ்சு போகுது, நீலம் ஒரு பக்கமா இழுத்துக்குது. பையன் தூக்கிப் போட்டுட்டு எல்இடி வாங்கலாம்ங்கறான். நீங்க சொல்லுங்க, என்ன பண்றது?"

தாராபுரத்தில் கடை வைத்து இருபத்தைந்து வருடமாக டிவி பார்க்கிறேன். இந்தப் பெட்டிகள் இன்னும் வருடத்துக்கு நாலைந்தாவது என்னிடம் வருகின்றன. எல்லாரும் கேட்பது இதே கேள்விதான். பலர் செலவை முதலில் கேட்டுவிட்டு, அதை வைத்து முடிவெடுக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. படம் எப்படிக் கோணியிருக்கிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால், சரி செய்யலாமா கூடாதா என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். செலவுக் கணக்கை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

படம் எப்படிக் கோணுகிறது

இந்தப் பெட்டிக்குள் சாதாரண டிவியைப் போல ஒரே பிக்சர் டியூப் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறிய டியூப்கள். பெரும்பாலும் ஏழு அங்குலம். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு லென்ஸ். மூன்று படங்களும் பின்பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, முன்திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். பச்சை நடுவில் இருக்கிறது. மற்ற இரண்டும் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பாய்ச்சுவதால், அவற்றின் படம் இயல்பாகவே ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து விழும். அந்தக் கோணலை நேராக்கத்தான் ஒவ்வொரு டியூப்பின் கழுத்திலும் கன்வர்ஜென்ஸ் யோக் என்று தனியாக ஒரு சுருள் போட்டிருக்கிறார்கள். மூன்று நிறத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதைத்தான் கன்வர்ஜென்ஸ் என்பது. அந்தச் சுருள்களுக்குக் கரண்டு கொடுப்பது கன்வர்ஜென்ஸ் போர்டில் இருக்கும் பெரிய ஐசிகள். மூன்று நிறத்துக்கும் படுக்கைவாட்டில் ஒன்று, நெடுக்குவாட்டில் ஒன்று என ஆறு சேனல். ஒரு ஐசிக்கு மூன்று சேனல் வீதம் இரண்டு ஐசி இருக்கும். எஸ்டிகே 392-110 போன்ற சான்யோ வரிசை ஐசிகளைப் பழைய மெக்கானிக்குகள் எல்லாருமே பார்த்திருப்பார்கள்.

அதனால் கோணலைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிறங்கள் பிரிகின்றனவா, சேர்ந்தே கோணுகின்றனவா?

சிவப்பும் நீலமும் பச்சையை விட்டு விலகி, வில் போல வளைந்து ஓடினால் அது கன்வர்ஜென்ஸ் பழுது. மூன்று நிறமும் பிரியாமல் ஒன்றாகவே சுருங்கினாலோ, மேல்பகுதி மடிந்து விழுந்தாலோ, நடுவில் ஒரே கோடாகப் போனாலோ கன்வர்ஜென்ஸை விட்டுவிட்டு, படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே பெரும்பாலும் வெர்டிகல் ஐசியோ, காய்ந்துபோன கப்பாசிட்டரோதான் காரணம். செலவு குறைவு, தயங்காமல் பார்த்துவிடலாம். பச்சையும் சேர்ந்து மூன்றும் தனித்தனியாக, மூன்று விதமாகக் கோணினால் கன்வர்ஜென்ஸ் போர்டுக்குச் சப்ளையே போகவில்லை என்று பொருள். ஐசியைக் கழற்றும் முன் அந்த போர்டின் ஃப்யூஸைப் பாருங்கள்.

கோடுகள் நேராக இருந்து, வெள்ளை எழுத்தைச் சுற்றி மட்டும் சிவப்பாகவோ நீலமாகவோ பனி மூட்டம் போலப் படர்ந்தால் அது வேறு கதை. டியூப்புக்கும் லென்ஸுக்கும் நடுவே இருக்கும் கூலன்ட், அதாவது டியூப்பைக் குளிர்விக்கும் திரவம், கலங்கிவிட்டது.

எந்த நிறம் கெட்டது என்று தீர்மானமாகத் தெரிய எனக்குப் பிடித்த வழி அட்டை. லென்ஸ்கள் கண்ணுக்குப் படும்படி முன்பலகையைக் கழற்றிவிட்டு, இரண்டு லென்ஸை அட்டையால் மூடினால் மிச்சமிருக்கும் நிறத்தின் படம் மட்டும் திரையில் விழும். மாற்றி மாற்றி மூன்றையும் பார்த்துவிடலாம். மூன்றும் சேர்ந்திருக்கும்போது குழப்பமாகத் தெரிந்தது, தனித்தனியாகப் பார்த்தால் "சிவப்பு, நெடுக்குவாட்டில் மட்டும்" என்று துல்லியமாகப் பிடிபடும். பெரியவர் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது: சிவப்புக்கு நெடுக்கு இல்லை, நீலத்துக்குப் படுக்கை பாதிதான் இருந்தது, பச்சை கல் போல நின்றது.

வழி ஒன்று: ரிமோட்டிலேயே சரி செய்வது

காசு ஒன்றும் ஆகாது என்பதால் இதிலிருந்து தொடங்கலாம். மெனுவில் கன்வர்ஜென்ஸ் போனால் திரையில் ஒரு கூட்டல் குறியோ கட்டம் கட்டமான கோடுகளோ வரும். சோனி பெட்டிகளில் ஃப்ளாஷ் ஃபோகஸ், ஹிட்டாச்சியில் மேஜிக் ஃபோகஸ் என்று ஒரே பட்டனில் தானாகச் சேர்க்கும் வசதியும் உண்டு. திரையோரத்தில் இருக்கும் சென்சார்களை வைத்து அது அளவெடுக்கிறது.

பட்டனை அழுத்தும்போது கோடு நகர்கிறதா என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். நகர்ந்தால் ஐசி உயிரோடு இருக்கிறது, அளவுதான் தவறியிருக்கிறது. பெட்டியை ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு மாற்றி வைத்தாலே பூமியின் காந்தப் புலத்துக்கு எதிராக அதன் திசை மாறி, நிறங்கள் கொஞ்சம் விலகும். வெள்ளையடிக்கப் பெட்டியை நகர்த்தின வீடுகளிலிருந்து எனக்கு இப்படி அழைப்பு வருவதுண்டு. அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு சேர்த்தால் தீர்ந்தது.

எவ்வளவு அழுத்தினாலும் நகரவில்லை, அல்லது ஒரு எல்லைக்கு மேல் போகவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். பழுது இருக்கும்போது அந்த ஆட்டோ பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதை நான் கெஞ்சிக் கேட்டுத் தடுக்கிறேன். கோணலான அளவையே அது நினைவில் எழுதிக்கொள்ளக்கூடும். பிறகு ஐசி மாற்றினாலும் படம் நேராக நிற்காது, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து வைக்க வேண்டி வரும்.

வழி இரண்டு: ஐசி மாற்றுவது

நிறம் பிரிந்த பெட்டிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். டியூப்கள் நன்றாக இருந்து கன்வர்ஜென்ஸ் மட்டும் போயிருந்தால், ஒரு நாள் வேலையில் பெட்டி பழையபடி ஆகிவிடும்.

இந்த ஐசிகள் சாவது சூட்டினால்தான். நம் பக்கம் அதற்குக் காரணமாக இன்னொன்றும் சேர்கிறது: பஞ்சு. பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினால் ஐசியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் மெத்தை போலப் பஞ்சு அடைந்திருக்கும். ஆடிக்காற்றில் செம்மண் தூசியும் சேர்ந்துகொள்ளும். காற்று போகாத ஹீட் சிங்க் இருந்தும் பயனில்லை. அதனால்தான் தறிக்காரர்கள் வீட்டுப் பெட்டிக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது பின்பக்கம் தூசி தட்டச் சொல்கிறேன்.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் செய்யாவிட்டாலும், செய்கிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கப்பாசிட்டர்கள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். டியூப்களுக்குப் போகும் தடித்த வயரில் முப்பதாயிரம் வோல்ட்டை ஒட்டி ஓடுகிறது. அதன் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது, பழக்கமில்லாதவர்கள் மூடியையே திறக்க வேண்டாம். கனெக்டர்களைப் பிடுங்கும் முன் செல்போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். போர்டு கைக்கு வந்ததும் கூலன்ட் ஒழுகிய பிசுக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பேன். டியூப்பிலிருந்து ஒழுகி போர்டில் விழுந்துதான் ஐசி போயிருக்கிறது என்றால், புது ஐசியும் அதே வழியில்தான் போகும்.

பிறகு ஐசியைச் சுற்றியுள்ள குறைந்த ஓம் ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். ஐசி ஷார்ட்டாகிப் போகும்போது இரண்டு மூன்று ரெஜிஸ்டரையும் ஓப்பனாக்கிவிட்டுத்தான் போகும். அதைப் பார்க்காமல் ஐசியை மட்டும் மாற்றினால் கோணல் அப்படியே இருக்கும், "ஐசி மாத்தியும் சரியாகலைங்க" என்று மறுபடி வருவார்கள். ஒன்றுதான் போயிருக்கிறது என்றாலும் இரண்டு ஐசியையும் சேர்த்தே மாற்றுவது என் வழக்கம். இரண்டும் ஒரே சூட்டில் ஒரே வருடங்களைக் கழித்தவை. ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே சூடு கடத்தப் பூசிய பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லிசாகப் பூசி, ஐசியை முதலில் ஹீட் சிங்கில் முறுக்கிவிட்டுப் பிறகுதான் பதினெட்டுக் கால்களையும் சால்டர் செய்ய வேண்டும். முதலில் சால்டர் செய்துவிட்டுப் பிறகு முறுக்கினால் கால்கள் இழுபட்டுப் பிற்பாடு சால்டர் விட்டுப்போய் ட்ரை சால்டர் விழும்.

ஐசி எங்கே கிடைக்கும் என்பதும் முடிவில் ஒரு பங்கு. கோவையில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வரவழைக்கிறேன், சில நூறு ரூபாய்தான். ஆனால் போலி அதிகம். மேலே எண் சரியாக அடித்திருக்கும், உள்ளே சரக்கு வேறாக இருக்கும். நான் ஒருமுறை போலியை மாட்டி எட்டாவது நாளே பெட்டி திரும்பி வந்தது. அந்த வீட்டாருக்குக் கூலி வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். அதிலிருந்து பழைய ஐசியைத் தூக்கி எறிவதில்லை. புதியதைப் பக்கத்தில் வைத்து எடை, எழுத்து, கால்களின் மினுமினுப்பு எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்த பிறகே மாட்டுகிறேன். எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும். "இதுவும் அதுவும் ஒண்ணுதாங்க" என்று கடைக்காரர் சொன்னால் டேட்டா ஷீட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மாட்டிய பிறகு சேர்ப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. சர்வீஸ் மெனுவுக்குள் போனால் முதலில் அங்கிருக்கும் எண்களையெல்லாம் படம் எடுத்து வைத்துவிடுவேன். பச்சைதான் அடிப்படை, அது நேராக இருந்தால் அதைத் தொடவே கூடாது. பச்சையும் கோணியிருந்தால் திரையை அளந்து, சம இடைவெளியில் வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து ஓரங்களில் டேப் ஒட்டி, பச்சைக் கோடுகளை அந்த நூலின் மேல் கொண்டுவந்து நிறுத்துவேன். திருப்பூரை ஒட்டிய வீடுகளில் நூலுக்கா பஞ்சம்? பிறகு சிவப்பைப் பச்சையின் மேல் ஏற்ற வேண்டும். அப்போது மஞ்சளாகத் தெரியும். கடைசியாக நீலத்தைச் சேர்த்தால் வெள்ளை. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும்.

இந்த வேலையைப் பெட்டி நிற்கிற இடத்திலேயே செய்வது நல்லது. குட்டியானையில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அங்கே அழகாகச் சேர்த்தாலும், வீட்டில் இறக்கி வைத்ததும் திசை மாறி மறுபடி விலகும். வீட்டுக்கு வந்து செய்யத் தயாராக இருக்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள்.

வழி மூன்று: கூலன்ட் மாற்றுவது

நிறப் பனி படர்ந்த பெட்டிக்கு இது. எத்திலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவம் அது. வருடங்கள் போகப்போகக் கலங்கி, உள்ளே பாசி போலப் படியும். டியூப்பைக் கழற்றி, பழையதை ஊற்றிக் கழுவி, புது ரப்பர் சீல் போட்டு நிரப்ப வேண்டும். இதைத் துப்புரவாகச் செய்கிறவர்கள் இப்போது குறைவு. ஒரு டியூப்தான் கலங்கியிருக்கிறது, மற்ற இரண்டும் தெளிவாக இருக்கின்றன என்றால் செய்யலாம். மூன்றும் கலங்கி, டியூப்பும் தேய்ந்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். கழிக்கும் திரவத்தைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், நாயோ கன்றோ நக்கினால் உயிர் போகும்.

கூலன்ட் என்று முடிவெடுக்கும் முன் லென்ஸையும் கண்ணாடியையும் பார்த்துவிடுவது நல்லது. லென்ஸில் ஒரு விரல் தூசி படிந்து அதைக் கூலன்ட் என்று நினைத்த வீடுகளும் உண்டு. உள்ளே இருக்கும் கண்ணாடிக்கு ரசம் முன்பக்கமே பூசியிருக்கும், வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தால் கீறிவிடும். மெல்லிய பிரஷால் தட்டினாலே போதும்.

வழி நான்கு: போர்டையே மாற்றுவது

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது இதே மாடல் உடைத்த பெட்டி வரும். போர்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் இருப்பதும் அதே வயது ஐசிதான். யோக்கோ மூன்று டியூப்களில் நல்லதாக ஒன்றோ வேண்டுமென்றால் வாங்கலாம். கன்வர்ஜென்ஸ் போர்டுக்காக வாங்க வேண்டாம்.

வழி ஐந்து: விட்டுவிட்டு எல்இடி வாங்குவது

பையன் சொன்னதும் தவறில்லை. 43 இன்ச் எல்இடி இப்போது இருபதாயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. 32 இன்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22-ல்தான். கரண்டையும் பாருங்கள். பழைய பெட்டி 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 60 யூனிட். எல்இடி 80 வாட் என்றால் 24 யூனிட். 36 யூனிட் வித்தியாசம். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்கிற கணக்குக்குள்ளேயே ஓடுகிற சிறிய வீட்டுக்கு அந்த 36 பெரிது.

வெளிச்சமான ஆசாரத்தில், நின்றும் நடந்தும் பார்க்கிற வீட்டுக்கு எல்இடிதான் பொருத்தம். புரொஜெக்ஷன் பெட்டி நேர் எதிரில் உட்கார்ந்து பார்த்தால்தான் அழகு, எழுந்து நின்றாலே படம் மங்கும். ஆனால் கேபிள் செட் டாப் பாக்ஸிலிருந்து ஏவி வயரில் வரும் சாதாரணப் படத்தை இந்தப் பெட்டி காட்டுவது போல மலிவு எல்இடிகள் காட்டுவதில்லை என்பது என் எண்ணம். அதே படத்தைப் பெரிய எல்இடியில் பார்க்கும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமாக எனக்குத் தெரிகிறது. பழைய படங்களும் செய்தியும் மட்டும் பார்க்கிற பெரியவர்களுக்கு இந்தப் பெட்டியே கண்ணுக்கு இதம்.

ஐசியும் ரெஜிஸ்டரும் கூலியும் சேர்ந்து புது எல்இடி விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்து, டியூப்களும் தெளிவாக இருந்தால் சரி செய்யச் சொல்கிறேன். டியூப் தேய்ந்தது எப்படித் தெரியும் என்றால், போட்டதும் மங்கலாக இருந்து வெகுநேரம் கழித்தே பளிச்சென்று வரும். வருடக்கணக்காக ஒரே சானல் ஓடிய வீடுகளில் அதன் முத்திரை ஒரு மூலையில் நிழலாகவே பதிந்திருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் ஐசி பழுது சின்னதாக இருந்தாலும் பெட்டியில் கை வைக்க மாட்டேன்.

டிஎல்பி, எல்சிடி வகைப் புரொஜெக்ஷன் பெட்டிகளுக்கு இவை எதுவும் பொருந்தாது, அவற்றில் மூன்று டியூப்பே இல்லை, ஒரு லேம்பின் ஒளியைத்தான் சிப்போ எல்சிடியோ படமாக்குகிறது. படம் மங்கினால் லேம்ப் மாற்றலாம். திரையெங்கும் வெள்ளைப் புள்ளி விழுந்தால் டிஎல்பி சிப், மஞ்சளாகத் திட்டுப் படிந்தால் எல்சிடியின் ஒளிப்பகுதி. அந்த இரண்டுக்கும் பணம் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. சோனி 2008 வாக்கிலும் மிட்சுபிஷி 2012 கடைசியிலும் புரொஜெக்ஷன் டிவியைக் கைவிட்டுவிட்டன.

பெரியவர் வீட்டுப் பெட்டிக்கு ஐசி இரண்டு, ரெஜிஸ்டர் மூன்று ஆயிற்று. பச்சை ஆடவே இல்லை என்பதால் நூல் இழுக்க வேண்டியிருக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே தெரிந்தது. "அட, அந்த மேட்ச் அன்னிக்கு இப்படித்தாந் தம்பி இருந்துச்சு" என்றார். மாடி அறைக்குப் பையன் ஒரு எல்இடி வாங்கிக்கொண்டான். அதே வாரம் பல்லடத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் அட்டை வைத்துப் பார்த்தபோது மூன்று லென்ஸும் கலங்கியிருந்தன, சிவப்பு டியூப் தேய்ந்திருந்தது, போர்டிலும் பிசுக்கு. வேண்டாங்க, கழித்துவிடுங்கள் என்றேன். அவருக்கு வருத்தம்தான், எனக்கும்.

கழிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. டியூப் கண்ணாடியில் ஈயம் உண்டு. செம்புக்காக யோக்கை உடைத்து எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் குப்பைமேட்டில் போடுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும். திரையைத் தனியாகக் கழற்றி வைத்தால் அதில் வட்ட வட்டமாகக் கோடு போட்ட ஒரு தகடு இருக்கும். அதன் பெயர் ஃபிரனெல் லென்ஸ். வெயிலை ஒரே புள்ளியில் குவித்துவிடும். களத்தில் சோளத்தட்டுப் போர் பக்கம் சாத்தி வைத்தால் போரே பற்றிக்கொள்ளும். சாக்கில் சுற்றி வெயில் படாத அறையில் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.